மலையிலிருந்து இறங்கும் வழி



மலையில் ஏறியவர்களைக் குறித்து நாம் மிகுதியாய்ப் பிரசங்கிக்கிறோம். இறங்கி வந்ததைக் குறித்துப் பேசுவது குறைவு. மோசே சீனாய் மலையில் 40 நாள் தங்கியிருந்ததை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். எனினும் அவர் கற்பலகைகளோடு இறங்கி வந்தபடியால்தான் ஜனங்கள் பயன்பெற்றார்கள். மலையில் பெற்றது சமவெளிக்கு வந்து சேரவேண்டும்.

சென்ற மாதம் நண்பர்கள் நால்வராகக் காரில் நீலகிரிக்குச் சென்று மூன்று நாள் தங்கினோம். உதகையில் 1830-ஆம் ஆண்டு பிரதிஷ்டை செய்யப்பட்ட தூய ஸ்தேவான் ஆலயத்தில் ஒரு காலைப்பொழுது அமர்ந்து ஜெபித்தோம். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலான அந்த உயரத்தின் குளிரும் அமைதியும், ஆரணியாற்றங்கரையில் வாழும் நமக்கு அரிய ஈவுகள். ஆயினும் எனக்கு மிகுதியாய்ப் போதித்தது திரும்பி வந்த வழியே.

வாகனத்தை ஓட்டிய நண்பர் நம் பகுதியின் துறைமுகச் சாலைகளில் நெடுங்காலம் கன்டெய்னர் லாரி ஓட்டியவர். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே சாலை ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்குகிறது. அவர் இரண்டாம் கியரிலேயே மெதுவாக வந்தார். காரணம் கேட்டபோது, “எந்த கியர்ல ஏறினோமோ, அதே கியர்லதான் இறங்கணும், பாஸ்டர்” என்றார்.

பிரேக்கை ஓயாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டால், மிதித்தாலும் வண்டி நிற்காது. எரிபொருளை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் இறங்குகிறவர்களுக்கோ எஞ்சினின் பிடியே இல்லாமல் போகிறது. நம்மை மேலே ஏற்றிய எஞ்சின்தான் கீழே இறங்கும்போதும் நம்மைத் தாங்கவேண்டும்.

1899-ஆம் ஆண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை திறக்கப்பட்ட மலை ரயிலும் இதையே காட்டுகிறது. பல்சக்கரப் பாதையில் எஞ்சின் எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கமே இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். உபவாசக் கூட்டத்திலும் கன்வென்ஷனிலும் நம்மை உயர்த்திய கிருபையை அங்கேயே விட்டுவிட்டு, திங்கட்கிழமை வேலைக்குச் சொந்தப் பலத்தோடு போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஏறுவதற்கு எவ்வளவு ஜெபம் வேண்டியிருந்ததோ, இறங்குவதற்கும் அவ்வளவு வேண்டும்.

மற்றொன்றையும் அவர் கைக்கொண்டார். குறுகலான இடங்களில் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஏறி வருகிறவர்களுக்கு வழிவிட்டார். மலைப்பாதையில் இரு வாகனங்களுக்கு இடம் போதாவிட்டால், இறங்குகிற வாகனமே ஏறுகிற வாகனத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்பது சாலை விதிகளிலேயே இருக்கிறது. பாரத்தோடு ஏறும் வண்டி சரிவில் ஒருமுறை நின்றுவிட்டால், மறுபடி புறப்படுவது கடினம்.

பிரியமானவர்களே, சிகரத்தைக் கண்டு திரும்புகிறவனுக்கு இந்த விதியே ஊழியமாகிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகளில் நிரந்தரப் பணியும் நல்ல ஊதியமும் பெற்றவர்கள் உங்களில் உண்டு. அதே வாயிலில், வடமாநிலத்திலிருந்து வந்து ஒப்பந்தக் கூலியாய் நிற்கும் இளைஞன் இப்போதுதான் முதல் வளைவில் ஏறிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு நாம் சற்று ஒதுங்கி வழிவிடுகிறோமா? அல்லது ஒலிப்பானை அழுத்திக்கொண்டே கடந்துபோகிறோமா?

பர்லியாறு தாண்டியபின் எங்களில் ஒருவருக்குக் கைபேசி அழைப்பு வந்தது. அவருடைய தாயார் பக்கவாதத்தினால் ஆறு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். மூன்று நாளும் தமக்கை வந்து பார்த்துக்கொண்டார். “அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கலை. என் பிள்ளை எங்கேன்னு கேட்டுட்டே இருக்காங்க” என்று தமக்கை சொன்னது எங்கள் செவிகளிலும் விழுந்தது. வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் சொன்னார்: “மேல இருந்த மூணு நாளும் அம்மாவுக்காகத்தான் ஜெபம் பண்ணேன். இனி கீழ போய் அந்த ஜெபத்தை என் கையால செய்யணும்.”

மறுரூப மலையில் நடந்ததும் இதுதானே? பேதுரு அங்கே மூன்று கூடாரங்கள் போட விரும்பினார். ஆண்டவரோ சீஷர்களோடு இறங்கினார். மறுநாள் மலையடிவாரத்தில், தன் ஒரே மகனுக்காகக் கெஞ்சும் ஒரு தகப்பன் காத்திருந்ததை லூக்கா எழுதுகிறார். கீழே தங்கியிருந்த சீஷர்களால் அந்தப் பிள்ளையைக் குணமாக்க முடியவில்லை. மலைமேல் மகிமையில் பிரகாசித்தவரே அந்தப் பிள்ளையைச் சொஸ்தமாக்கி, அவன் தகப்பனிடத்தில் ஒப்புவித்தார்.

இந்த வாரம் உங்களுக்காகக் கீழே காத்திருப்பது யார்? இரவுப் பணி முடிந்து திரும்பும்போது வாசலில் நிற்கும் மனைவியாயிருக்கலாம். பேசாமல் விலகிப்போன சகோதரனாயிருக்கலாம். மருந்துவேளையை எதிர்பார்த்துப் படுத்திருக்கும் முதியவராயிருக்கலாம். அவர்களுடைய பெயரை இன்றே ஜெபத்தில் சொல்லுங்கள். பின்பு எழுந்து அவர்களிடத்தில் செல்லுங்கள்.

ஜெபம்: அன்பின் பிதாவே, உயரத்தில் எங்களைச் சந்தித்ததற்காக ஸ்தோத்திரம். இறங்கும் வழியிலும் எங்களைத் தாங்கும். பாரத்தோடு ஏறுகிறவர்களுக்கு வழிவிடும் தாழ்மையைத் தாரும். எங்களுக்காகக் காத்திருக்கிறவர்களிடத்தில் வெறுங்கையாய்ப் போகாதபடி எங்களை நிரப்பும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.