அந்தப் பாட்டை நான் எழுதவில்லை

நான் வெளியிட்ட ராக் சிங்கிளில் பாடலாசிரியர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அது பொய். அந்தச் சொற்களும் அந்த ராகமும் கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான எங்கள் லைனிலேயே வசிக்கும் ஒரு மூதாட்டியுடையவை. பெரியம்மா என்று கூப்பிட்டே வளர்ந்தேன். அவரிடம் கேட்காமல் எடுத்தேன். எடுத்ததை வெட்டினேன். வெட்டியதை என் பெயரில் விற்றேன்.

குற்றம் இவ்வளவுதான். ஆனால் அதை எப்படிச் செய்தேன், யாருக்கு என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டால் இதுவும் பாதிப் பொய்யாகிவிடும். படிப்பவருக்கு முழுதும் தெரிய வேண்டும்.

முதலில் எங்கள் ஊரின் சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலுக்கு வந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பக்கமிருந்தும் தமிழர்கள் சுரங்க வேலைக்கு வந்தார்கள். பெரும்பாலும் தலித் குடும்பங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் தாதுவை வெட்டியெடுத்தால், எஞ்சிய பாறையின் மேல் பாரம் ஏறிக்கொண்டே போகும். தாங்க முடியாத கட்டத்தில் பாறை வெடித்துச் சிதறும். எங்கள் ஊரில் அதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். கீழே வெடித்தால் மேலே லைன் வீடுகள் அதிரும், அடுக்கி வைத்த பாத்திரங்கள் உருளும். தன் வீட்டு ஆள் எந்த ஷிப்டில் இறங்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே பெண்கள் ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்கள். பெரியம்மாவும் அப்படி ஒரு நாள் ஓடினார். அவர் கணவர் உயிரோடு மேலே வரவில்லை.

பெரியம்மா கணவன் பேரை வாயால் சொல்லாத தலைமுறையைச் சேர்ந்தவர். எந்த அலுவலகத்தில் கேட்டாலும் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார். சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும்போது மட்டும் அந்தப் பேர் அவர் வாயில் வரும். இறந்தவருக்காகத் தொடங்கும் பாட்டு, போகப் போகத் தன் புருஷனிடம் போய்ச் சேரும். ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். பிறர் வீட்டுச் சாவில் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சாவையும் சேர்த்தே அழுவாள். எங்கள் லைனில் யார் இறந்தாலும் பெரியம்மாதான் முதல் குரல் எடுப்பார். மற்றப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள்.

என் ஆயா இறந்த இரவிலும் அவர்தான் எடுத்தார். நான் போனில் ரெக்கார்டரைப் போட்டேன். போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் அருகே போய் உட்கார்ந்தேன். அழுகிறவனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டேன். அழவில்லை. சத்தம் சரியாக விழுகிறதா என்றுதான் கவனித்தேன். என்னைத் தூக்கி வளர்த்த ஆயா எதிரே கிடந்தாள்.

எனக்கு ஏன் அந்தக் குரல் வேண்டியிருந்தது? கர்வம்தான் காரணம். விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஊருக்கு அந்த ரயில்தான் பிழைப்பு. வேலை முடிந்ததும் நண்பர்களோடு சேர்ந்த ராக் குழுவில் கிடார் வாசிப்பேன். நிர்வாணாவையும் ஆலிஸ் இன் செயின்ஸையும் கேட்டுப் பழகியவன். 2011இல் பேலஸ் கிரவுண்ட்ஸில் மெட்டாலிகா வாசித்தபோது கூட்டத்தில் நின்று அழுதவன். ஆங்கிலத்தில் பாட்டு எழுதினேன். யாரும் கேட்கவில்லை. பெங்களூரு நண்பர்களிடம் ஊரின் பேரைச் சொல்லமாட்டேன். லைன் வீட்டையும் பொது நல்லியையும் மறைத்தேன். 2018இல் ‘கே.ஜி.எஃப்’ படம் வந்து ஊரின் பேருக்கு ஒரு மவுசு வந்தது. அதற்குப் பிறகுதான் நான் தங்கவயல்காரன் என்று சொல்லத் தொடங்கினேன். இதுவும் என் குற்றத்தில் சேரும். வெட்கப்பட்டு ஒளித்த ஊரை, விலை வந்தபோது கடைக்குக் கொண்டுபோனேன்.

பாட்டின் அமைப்பு இதுதான். கிடாரின் அடிக் கம்பியை டி சுருதிக்கு இறக்கி, டிஸ்டார்ஷன் போட்டு, திரும்பத் திரும்ப வரும் ஒரு ரிஃப். இடையில் டிரம்ஸ் நின்றுவிடும். பெரியம்மாவின் குரல் தனியாக வரும். பிறகு எல்லாம் சேர்ந்து இடிக்கும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அதையும் ஒளிக்க மாட்டேன். நன்றாக இருந்ததால்தான் நான் நிற்கவில்லை.

ஆனால் ஒப்பாரி எந்தத் தாளத்துக்கும் அடங்காது. மூச்சு எவ்வளவு நீளமோ அடியும் அவ்வளவு நீளம். எங்கள் பாட்டு கிளிக் வைத்து, நாலு எண்ணிக்கையில் போகிற பாட்டு. அவர் இழுத்த இடங்களைக் குறுக்கினேன். நிறுத்திய இடங்களை மூடினேன். காற்றுக் காலத்தில், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசி எங்கள் லைனுக்குள் வரும். அவருக்குத் தீராத இருமல் உண்டு. அந்த இருமலையும் நீக்கினேன்.

கடைசியில் ஒரு சொல் மிஞ்சியது. கணவரின் பேர். அதை அவர் நீட்டிக் கூப்பிட்ட கூப்பாடு, ரிஃப் திரும்ப வரும் இடத்தின் மேலேயே விழுந்தது. அது யாருடைய பேர் என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படத்துக்குக் கீழே சின்ன வயதிலேயே எழுத்துக் கூட்டிப் படித்த பேர். கிடாரைச் சற்றுத் தள்ளி வைத்திருக்கலாம். ஒரு சுற்று காத்திருந்திருக்கலாம். நான் பேரை வெட்டினேன். இரண்டு முனைகளையும் சேர்த்து, ஒட்டு தெரியாதபடி சரிசெய்தேன். பேஸ் வாசித்த நண்பர், “அங்க ஏதோ சொன்னாங்களே?” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல, மூச்சு” என்றேன்.

தாளத்துக்காக வெட்டினேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மையில்லை. பேர் இருந்தால் அது ஒரு மனிதரின் சாவு. அவருக்கு மனைவி உண்டு, அவளிடம் கேட்க வேண்டும். பேர் போய்விட்டால் அது வெறும் சோகம். அதை யாரும் தன்னுடையது என்று சொல்லலாம். நான் சொன்னேன்.

பாட்டை இணையத்தில் ஏற்றும்போது ஒரு படிவம் வரும். பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் என்று தனித்தனிக் கட்டங்கள். முதல் இரண்டிலும் என் பெயரை எழுதினேன். பாடியவர் என்ற இடத்தில் எங்கள் குழுவின் பெயரைப் போட்டேன். பெரியம்மா வீடு அப்போது கூப்பிடு தூரத்தில் இருந்தது. கதவும் திறந்தே இருந்திருக்கும். எழுந்து போய்க் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. தைவானின் ஆமிஸ் பழங்குடி முதியவர் டிஃபாங்கின் கதை எனக்குத் தெரியும். அவரும் மனைவியும் பாடிய பாட்டின் பதிவை எனிக்மா குழு தன் ‘ரிட்டர்ன் டு இன்னொசன்ஸ்’ பாட்டில் பெயர் சொல்லாமல் சேர்த்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் விளம்பரத்தில்கூட அந்தக் குரல் ஒலித்தது. டிஃபாங்கும் மனைவியும் வழக்குப் போட்டார்கள். 1999இல் சமரசம் ஆகி, அவர்களுக்கு உரிய இடம் கிடைத்தது. இதை நண்பர்களுக்கு ஆத்திரத்தோடு சொன்னவன் நான். 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டை எழுதிப் பாடிய அறிவு ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் இல்லாமல் போனபோதும் கொதித்தேன். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேறியபோது, கானாக் கலைஞர்கள் கிடாருக்கும் டிரம்ஸுக்கும் சமமாக நின்று தம் பெயரில் பாடினார்கள். செய்யத்தக்க வழி ஒன்று கண்முன் இருந்தது. சட்டமும் இருந்தது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், பாடியவர் தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கவும், தன் மதிப்பு கெடும்படி பாட்டைச் சிதைத்தால் எதிர்க்கவும் உரிமை தருகிறது. பிறர் செய்தபோது எல்லாம் தெரிந்தது. என் முறை வந்தபோது எதையும் நினைக்க விரும்பவில்லை.

பாட்டு ஓடியது. ஒரு குறும்படத்துக்குக் கேட்டார்கள், பணம் வந்தது. ஒரு பேட்டியில் அந்தப் பெண் குரல் யாருடையது என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்ல அது நல்ல வாய்ப்பு. “பழைய நாட்டுப்புறப் பதிவு, யாரென்று தெரியாது” என்றேன். பெரியம்மா உயிரோடு இருக்கும்போதே அவரை ஆளில்லாதவராக ஆக்கினேன்.

பிறகு பெரியம்மாவின் குரல் வரும் துண்டைக் குட்டி வீடியோக்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். காதல் தோல்விக்கு அந்தக் குரல். சிலர் சிரிப்பு வீடியோவுக்கும் போட்டார்கள். பெரியம்மாவின் பேரன் பெங்களூரு ரயிலில் யாரோ ஒருவருடைய போனில் அதைக் கேட்டான். தன் ஆயாவின் குரல் என்று உடனே தெரிந்துவிட்டது. பெட்டியில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இறங்கும்வரை தலை நிமிரவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னான்.

லைனில் பேச்சு வேறு மாதிரி போனது. புருஷன் சாவை விற்றுக் காசு பார்த்துவிட்டாள் என்றார்கள். எவ்வளவு வந்தது, எங்கே வைத்திருக்கிறாய் என்று உறவினர்களே கேட்டார்கள். அவருக்கு ஒரு பைசா வரவில்லை என்பதை யாரும் நம்பவில்லை. நம்பும்படி சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். நான் ஊருக்கு வருவதைத் தவிர்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவிலும் விஷயம் தெரிந்தது. திருட்டு என்று அறியாமல் வாசித்தவர்கள் அவர்கள். டிரம்ஸ் வாசித்த நண்பர் அதன் பிறகு என்னோடு வாசிக்கவில்லை. அவர் செய்தது சரி.

கடைசியில் போனேன். மனசாட்சி இழுத்துப் போகவில்லை. பேரன் போன் செய்து, “நீயே வந்து சொல்லுண்ணா” என்றான். அதனால் போனேன். பெரியம்மா திட்டவில்லை. உட்காரச் சொன்னார். பிறகு கேட்டார்: “பாட்ட எடுத்துக்கினு போன, போவட்டும். அவரு பேர எதுக்குடா அறுத்த?”

என்னிடம் பதில் இல்லை. தாளம், ரிஃப் என்றெல்லாம் அந்த வீட்டில், அந்தப் படத்துக்கு முன்னால் சொல்ல முடியவில்லை.

அப்போதும் நான் முழுதாகத் திருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேரைச் சேர்த்து, அவர் பெயரையும் போட்டு, பாட்டைத் திரும்ப வெளியிடலாமா என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் பாட்டைக் காப்பாற்றப் பார்த்தேன். “வேணாம். இனி அது எங்கியும் கேக்கக் கூடாது” என்றார். பணத்தைக் கொடுத்தபோது மறுக்கவில்லை. “குடு. அது எங்க பணம்” என்று வாங்கி எண்ணிப் பேரனிடம் கொடுத்தார். எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

பாட்டை எல்லா இடத்திலிருந்தும் எடுத்தேன். முதல் பதிவை, இருமலும் பேருமாக, பேரனிடம் கொடுத்துவிட்டு என்னிடம் இருந்ததை அழித்தேன். லைனில் வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொன்னேன். சிலர் நம்பினார்கள். வீடியோக்களில் வெட்டி ஒட்டிய துண்டுகள் இன்னும் சுற்றுகின்றன. அவற்றைத் திரும்பப் பிடிக்க என்னால் முடியாது. பெரியம்மா இப்போது சாவு வீட்டுக்கு வருகிறார், உட்காருகிறார், குரல் எடுப்பதில்லை. யார் பையில் போன் இருக்கிறதோ என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. அவர் எடுக்காமல் மற்றப் பெண்களுக்குத் தொடங்கத் தெரியவில்லை. ஆளாளுக்குத் தனியாக அழுதுவிட்டு எழுந்து போகிறார்கள். நான் எடுத்தது ஒரு பாட்டு. போனது ஒரு லைனின் துக்கம் முழுவதும்.

நல்லெண்ணத்தோடு சிலர் என்னிடம் சொல்கிறார்கள்: நீ செய்யாவிட்டால் தங்கவயலின் வலி வெளியே தெரிந்திருக்காது, பாட்டு நல்ல பாட்டு, போகட்டும் விடு. இதை நான் ஏற்கவில்லை. வெளியே போனது தங்கவயலின் வலி என்றால், அதில் அந்த மனிதரின் பேர் இருந்திருக்க வேண்டும். நான் கேட்டிருந்தால் பெரியம்மா சரி என்றிருக்கலாம். தானே ஸ்டுடியோவுக்கு வந்து, பேரைச் சொல்லிப் பாடியிருக்கலாம். முடியாது என்று கதவைச் சாத்தியிருக்கலாம். கணவர் போன நாளிலிருந்து தன் துக்கத்தைத் தானே சுமந்தவர் அவர். அதை யாருக்குக் கேட்கக் கொடுப்பது என்ற முடிவு அவருடையது. அந்த முடிவை அவர் கையிலிருந்து பிடுங்கியவன் நான்தான்.