இரண்டு சனல்கள்

வால்வ் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்குத் தண்ணீர்க் குழாய்தான் ஞாபகம் வரும். என் வயதுக்காரருக்கு அது பழைய றேடியோவுக்குள் செம்மஞ்சளாய்க் கனலும் கண்ணாடிக் குமிழ். வாப்பாவின் றேடியோ திருத்தும் கடையில் நான் எத்தனையோ தரம் கழற்றி மாட்டிய ஈ.எல். 84 என்ற அதே வால்வ், நான்காய்ச் சேர்ந்து இங்கிலாந்தின் வொக்ஸ் ஏ.சி. 30 கிற்றார் அம்பிளிபயரை இயக்குகிறது என்பதை எனக்குச் சொன்னவன் தங்கச்சியின் மகன்.

அவன் மெற்றல் இசைக் கோஷ்டியொன்றில் வாசிக்கிறான். இரண்டு வருடச் சேமிப்பில் ஹை-கெயின் அம்பிளிபயர் ஒன்று வாங்கப் போகிறான் என்று தெரிந்ததும் தங்கச்சி வந்தாள். "நானா, நீங்களாவது புத்தி சொல்லுங்களே." இசை ஆகுமா ஆகாதா என்ற வழக்கில் நான் இறங்கவில்லை. பக்கீர் பாவாக்களின் றபான் கேட்டு வளர்ந்தவன் நான். கிற்றார் என்ற பெயரே அந்தலூசிய அரபின் 'கீதாரா' வழியாகத்தான் ஸ்பானியரிடம் போனது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. அவளுடைய பயம் காசு கரியாகிவிடும் என்பது. அது நியாயமான பயம். ஆகவே அவனோடு நானும் போனேன்.

ஹை-கெயின் என்பது பெரிய மர்மமல்ல. ஈ.சி.சி. 83 குமிழொன்றுக்குள் பெருக்கும் பகுதிகள் இரண்டு உண்டு. ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டி, அதை இன்னொன்றுக்கு ஊட்டி, சிக்னல் தலைமோதி நசுங்கும்வரை பெருக்குவதுதான். எங்கள் கடையில் இந்த நசுங்கலைப் பழுது என்று திருத்திக் கொடுத்துக் காசு வாங்கினோம். இவர்கள் அதற்காகவே காசு கொடுக்கிறார்கள்.

பாவித்த சாமான்கள் இரண்டு அகப்பட்டன. ஒன்று பீவி 6505: 120 வாற், நான்கு 6எல்6 வால்வ். 1992இல் எடி வான் ஹேலனோடு 5150 என்ற பெயரில் வந்து, 2004இல் அவர் பிரிந்துபோன பின் பெயர் மாறியது. மற்றது 1997இல் தொடங்கிய மார்ஷல் ஜே.சி.எம். 2000 வரிசையின் டி.எஸ்.எல். 50: 50 வாற், இரண்டு ஈ.எல். 34. அவன் கண் 120இல். இரண்டுக்கும் வித்தியாசம் நான்கு டெசிபெல்லுக்கும் குறைவு. சத்தம் காதுக்கு இரட்டிப்பாய்க் கேட்க வாற் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். தவிர அந்த பீவி அமெரிக்காவிலிருந்து வந்தது, 120 வோல்ற்றுக்கானது. நம் 230 வோல்ற்றைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்றையும் போகுமிடமெல்லாம் சுமக்க வேண்டும். யாராவது மறந்து நேரே சுவரில் செருகினால் கதை முடிந்தது. உறுமலில் பீவிதான் கெட்டி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மார்ஷலைத்தான் எடுத்தோம். ஸ்பீக்கரின் ஓம் பொருந்துகிறதா என்று பார்த்து இணைத்த பிறகே பவர் கொடுத்தோம். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வ் அம்பிளிபயரை ஓடவிட்டால் அவுட்புட் ட்ரான்ஸ்போமர் எரிந்துவிடலாம். அரை மணிநேரம் சூடேறவிட்டு, சிறிய வால்வ்களைப் பென்சிலால் தட்டி, மணிபோல் ஒலிப்பது ஏதுமுண்டா என்று கேட்டோம்.

வில்லங்கம் பிறகுதான் வந்தது. வீட்டில் அவன் அழகாகச் சமப்படுத்தி வைத்த இரண்டு சனல்களும் பயிற்சி மண்டபத்தில் குழம்பின. கிளீன் சனல் காதைக் குத்தியது. அல்ட்ரா கெயின் சனலுக்கு மாறியதும் ஆளே காணாமல் போனான்.

காரணம் அவன் காதுதான். சின்னச் சத்தத்தில் மனிதக் காதுக்கு பேஸும் ட்ரெபிளும் குறைவாகவே கேட்கும். பிளெச்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து வைத்த விஷயம். எனவே வீட்டில் அவன் அவையிரண்டையும் ஏற்றி, மிடிலை வெட்டியிருந்தான். மண்டபத்தில் அந்த பேஸைப் பேஸ் கிற்றாரும் ட்ரெபிளை சிம்பலும் விழுங்கின. மிச்சமிருக்க வேண்டிய மிடில்தான் ஏற்கெனவே இல்லையே! தனியறையில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. கிளீன் ஒலி எகிறித் தணியும். நசுங்கிய ஒலி ஒரே மட்டத்தில் நிற்கும், அதனால் பெரிதாய்ப் படும். அதை நம்பி அல்ட்ராவின் வொலியூமையும் அவன் குறைத்திருந்தான்.

டி.எஸ்.எல்லில் இரண்டு சனலுக்கும் கெயினும் வொலியூமும் தனித்தனி. ட்ரெபிள், மிடில், பேஸ் பொது. ஒன்றுக்குப் பார்த்தால் மற்றது கெடும். கோஷ்டி முழுவதையும் வாசிக்கவிட்டு, முதலில் அல்ட்ராவுக்குத் தொனி வைத்தோம். மிடிலை ஆறுக்கு ஏற்றினோம். டீப் சுவிட்சை அணைத்தோம். கெயினை எட்டிலிருந்து ஐந்துக்கு இறக்கியபோது, "மாமா, உயிரே போச்சு" என்றான். ட்ரம்ஸ் அடிக்கும் பையன் சிங்களத்தில் சொன்னான், இன்றைக்குத்தான் நீ வாசிப்பது எனக்குக் கேட்கிறது என்று. அதன்பிறகு மருமகன் வாய் திறக்கவில்லை.

கடைசியில் கிளீன் சனலின் வொலியூமை அல்ட்ராவுக்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்தினோம். அதன் கூர்மையைக் கிற்றாரின் தொனி நொப்பிலேயே தணித்தான். நிலைகளை வெள்ளைப் பென்சிலால் அடையாளமிட்டோம். அடுத்த கிழமை போன மண்டபத்துக்குத் தகரக் கூரை. அங்கே பிரசென்ஸை இரண்டு இலக்கம் குறைத்தான், என்னைக் கேளாமலே.