வாசலும் காவலாளனும்



இந்த வாரத் தியானத்தை என் தவறு ஒன்றை அறிக்கையிட்டே தொடங்குகிறேன். உங்களில் சிலர் அதனால் பாதிக்கப்பட்டீர்கள். மற்றவர்களும் அறிந்துகொள்வது நல்லது.

கடந்த ஆண்டு, ஜவ்வாது மலையில் புளி உலுக்கும் காலம். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்குப் பேருந்தில் இறங்கிச் சென்றேன். கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணயர்ந்துவிட்டேன். போளூரில் அவசரமாக இறங்கியபோது கைபேசி இருக்கையிலேயே தங்கிவிட்டது. அதற்குத் திரைப்பூட்டு இல்லை. "போதகனுடைய போனில் மறைக்க என்ன இருக்கிறது?" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

அதை எடுத்தவர் என் பெயரிலேயே சபையாருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். மருத்துவச் செலவு, அவசரம், உடனே பணம் வேண்டும் என்று எழுதியிருந்தார். நம் சபையில் கூலிக்குப் புளி உடைக்கும் ஒரு தாயார், தம் மகனின் போன் வழியாக 1,500 ரூபாய் அனுப்பிவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சென்றேன். "நீங்க கேட்டு நான் இல்லேன்னு சொல்வேனா, ஐயா?" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தை இன்றுவரை என்னைக் குத்துகிறது. பணத்தை ஈடுசெய்ய முடிந்தது. ஆனால் அந்தக் கைபேசியில் நீங்கள் அனுப்பிய ஜெபக் குறிப்புகளும் இருந்தன. ஒருவருடைய மருத்துவ அறிக்கை, ஒரு குடும்பத்தின் பிரிவினை, ஒரு வாலிபனுடைய கடன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். காக்க வேண்டியவை உங்களுடையவை என்பதை மறந்தேன்.

எருசலேமின் அலங்கத்தைக் கட்டி முடித்த நெகேமியா அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. வாசல்களுக்குக் கதவுகளைப் பொருத்தினார், காவலாளரை ஏற்படுத்தினார், கதவை எப்போது திறப்பது என்பதற்கும் ஒழுங்கு வகுத்தார். ஜெபிக்கிறவன் தாழ்ப்பாளையும் போடுகிறான். அது அவிசுவாசம் அல்ல, உக்கிராணத்துவம்.

இப்போது நம் கைபேசிகளுக்குப் புதிய வகைக் காவலாளரும் வந்திருக்கிறார்கள். 2024ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டு போன்களுக்கு ஒரு பாதுகாப்பை அறிவித்தது. போனை ஒருவர் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினாலோ, வண்டியில் விரைந்தாலோ, அந்த அசைவைச் செயற்கை நுண்ணறிவு உணர்ந்து திரையைத் தானே பூட்டிவிடும். ஆண்ட்ராய்டு 10 முதலான பெரும்பாலான போன்களில், செட்டிங்ஸில் கூகுள் என்ற பகுதியில் 'தெஃப்ட் புரொடெக்ஷன்' என்ற தலைப்பில் இதைக் காணலாம். இணையத் தொடர்பைத் துண்டித்தால் பூட்டும் வசதியும், வேறொரு போனிலிருந்து நம் எண்ணைக் கொண்டு பூட்டும் வசதியும் அங்கேயே உண்டு. ஐபோனிலும் 2024 ஜனவரி முதல் திருட்டுப் பாதுகாப்பு இருக்கிறது.

ஆனால் பிரியமானவர்களே, இதைக் கவனியுங்கள். நீங்கள் முதலில் திரைப்பூட்டு வைத்திருந்தால்தான் அந்தக் காவலாளன் வேலை செய்வான். கதவே இல்லாத வாசலில் காவலாளன் எதைப் பூட்டுவான்? மேலும், என் போனை யாரும் பறிக்கவில்லை, நானே விட்டுவந்தேன். பறிக்கும் கையை அந்த நுண்ணறிவு கண்டுகொள்ளும். உறங்கிப்போன உரிமையாளனுக்கு அவன் முன்பே போட்டுவைத்த பூட்டுதான் துணை.

அமைப்புகளைச் செய்யத் தெரியாவிட்டால் ஜெமினி, சாட்ஜிபிடி போன்ற கருவிகளிடம் தமிழிலேயே கேளுங்கள், படிப்படியாகச் சொல்லித்தரும். அது சொல்வதிலும் தவறு இருக்கலாம், ஆகவே விவரம் அறிந்த ஒரு வாலிபரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லையோ, ஓடிபியையோ, பிறருடைய இரகசியத்தையோ அங்கே எழுதாதிருங்கள்.

இந்த வாரம் நான்கு காரியங்களைச் செய்யும்படி வேண்டுகிறேன். முதலாவது, எளிதில் ஊகிக்க முடியாத ஆறு இலக்க எண்ணால் போனைப் பூட்டுங்கள்; பிறந்த ஆண்டு வேண்டாம். இரண்டாவது, வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பை வையுங்கள். மூன்றாவது, *#06# என்று அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். போன் தொலைந்தால் காவல்நிலையத்தில் புகார் அளித்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க அந்த எண் தேவைப்படும். பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். நான்காவது, கலியாணப் பத்திரிகை, அரசு உதவித்தொகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் திறக்காதேயுங்கள். அதை நிறுவினால் நாமே திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்கிறேன். என் பெயரில் பணம் கேட்டு எந்தச் செய்தி வந்தாலும், என் குரலே கேட்டாலும், முதலில் என் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரியுங்கள். இக்காலத்தில் குரலையும் போலியாகச் செய்கிறார்கள். சந்தேகித்தீர்கள் என்று நான் வருந்தமாட்டேன்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் வாலிபர்கள் ஆலயத் திண்ணையில் அமர்ந்திருப்பார்கள். போனைக் கொண்டுவாருங்கள். அந்தத் தாயார் முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பின் வரிசையில் நான் நிற்பேன்.

நம்மிடத்தில் ஒப்புவிக்கப்பட்டவற்றை உண்மையாய்க் காத்துக்கொள்ளக் கர்த்தர் நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்.