கோட்டுக்கு ஒரு நியாயம், புடவைக்கு ஒரு நியாயம்

மே மாதம், சென்னை சேப்பாக்கம் மைதானம், மதியம் மூன்று மணி. டாஸ் போடப் போகிறார்கள். இரண்டு கேப்டன்களும் வியர்வையை உறிஞ்சும் மெல்லிய சட்டையில் நிற்கிறார்கள். நாணயத்தைச் சுண்டி அரை நிமிடத்தில் அவர்கள் பெவிலியனுக்குப் போய்விடலாம். நடுவில் மைக்கைப் பிடித்திருப்பவரைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கும். பல சமயங்களில் அவர் உடம்பில் முழுக்கை சட்டை, அதன் மேல் கோட்டு. லண்டனின் லார்ட்ஸ் மைதானத்து மே மாதக் குளிருக்குத் தைத்தது போல. கோட்டின் மார்பில் சேனலின் சின்னம். அவர் நெற்றியில் வழிவதை மேக்கப்காரர் ஒற்றியெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

விளையாட்டை வர்ணிப்பவருக்கு இந்த வேஷம் எதற்கு? ஒரு நாள் முழுக்க நடக்கும் ஆட்டத்தில் அவர் முகம் திரையில் தெரிவது சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் குரல் மட்டுமே. ஆனாலும் உடையைப் பற்றிய கவலை டெலிவிஷன் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பி.பி.சி.யின் முதல் டைரக்டர் ஜெனரலான ஜான் ரீத் காலத்தில், இரவு நேர ரேடியோ அறிவிப்பாளர்கள் டின்னர் ஜாக்கெட் அணிந்துதான் மைக் முன்னால் உட்கார வேண்டும் என்பது வழக்கம். கேட்பவர்கள் யாரும் பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் ஒழுங்காக உடுத்தியவன் ஒழுங்காகப் பேசுவான் என்பது நம்பிக்கை. சிரிப்பு வந்தாலும் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. லுங்கியோடு உட்கார்ந்து செய்தி வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

டெலிவிஷன் வந்ததும் கோட்டு சேனலின் சீருடையாயிற்று. அமெரிக்காவில் ஏ.பி.சி. நிறுவனம் 1970ல் திங்கட்கிழமை இரவு ஃபுட்பால் ஒளிபரப்பைத் தொடங்கியபோது ஹோவர்ட் கோசல் உள்ளிட்ட வர்ணனையாளர்களுக்கு மஞ்சள் கோட்டு மாட்டிவிட்டது. ஆஸ்திரேலியாவில் ரிச்சி பெனோவின் வெளிர் நிறக் கோட்டு இன்னும் புகழ் பெற்றது. அது வெள்ளையா, க்ரீமா, தந்த நிறமா என்று பில்லி பர்மிங்ஹாம் என்ற மிமிக்ரி கலைஞர் கேலி செய்து போட்ட ஒலித்தட்டுகள் அங்கே சக்கைப்போடு போட்டன. சிட்னி மைதானத்தில் நரைத்த விக்கும் வெளிர் நிறக் கோட்டுமாகக் கும்பல் கும்பலாக ரசிகர்கள் வந்து உட்காருவது ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது. பெனோ 2015ல் மறைந்த பிறகும் அது நிற்கவில்லை. இத்தனைக்கும் அவர் பெயர் எடுத்தது கோட்டால் அல்ல. எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் என்பதால்தான்.

இந்தியாவில் நவ்ஜோத் சிங் சித்துவின் தலைப்பாகைக்குப் பொருத்தமாக டை வரும். அவர் பேச்சுக்கு அந்த வண்ணங்கள் போதாது என்றுகூடத் தோன்றும். அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டங்களில் மைதான ஓரத்தில் நின்று பேட்டி எடுத்த க்ரெய்க் சேகரின் கோட்டுகள் இன்னும் மோசம், அல்லது இன்னும் அழகு. 2009ல் கெவின் கார்னெட் என்ற ஆட்டக்காரர் கேமரா முன்னாலேயே, வீட்டுக்குப் போனதும் இதை எரித்துவிடுங்கள் என்று அவரிடம் சொன்னார். சேகர் கலங்கவில்லை. அடுத்த ஆட்டங்களுக்கும் பூப்போட்ட கோட்டோடுதான் வந்தார். ரத்தப் புற்றுநோயோடு போராடி 2016 டிசம்பரில் அவர் இறந்தபோது, கேலி செய்தவர்களே அந்தக் கோட்டுகளை நினைத்து உருகினார்கள்.

ஆக, ஆண்கள் விஷயத்தில் உடை ஒரு தமாஷ். அல்லது ஒரு முத்திரை. யாருடைய வேலைக்கும் அதனால் ஆபத்து வரவில்லை.

2003 உலகக் கோப்பையை நினைத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் நடந்த அந்தப் போட்டியின் ஒளிபரப்பு உரிமை சோனி நிறுவனத்திடம் இருந்தது. கிரிக்கெட்டைப் பெண்களும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. தூர்தர்ஷனின் 'சாந்தி' தொடர் மூலம் வீடுதோறும் அறிமுகமாகியிருந்த மந்திரா பேடியைத் தொகுப்பாளராக்கினார்கள். மெல்லிய பட்டி வைத்த ரவிக்கையும் புடவையுமாக அவர் வந்தார். அவ்வளவுதான், நாடு முழுக்க ஒரே விவாதம். 'நூடுல் ஸ்ட்ராப்' என்ற சொல்லைக் கிரிக்கெட் ரசிகர்கள் கற்றுக்கொண்டது அப்போதுதான். பழைய ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பத்திரிகைகள் ரவிக்கையை அளந்தன. அவர் கேட்ட கேள்விகள் நல்லவையா, அசட்டுக் கேள்விகளா என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. பக்கத்தில் உட்கார்ந்த நிபுணர்கள் தன் கேள்விகளைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை என்று பிற்காலப் பேட்டிகளில் மந்திரா சொல்லியிருக்கிறார். அந்த நிபுணர்கள் கட்டியிருந்த டை என்ன நிறம்? ஒருவருக்காவது ஞாபகம் இருக்குமா?

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த உடையை முடிவு செய்ததில் சேனலின் வியாபாரக் கணக்குக்கும் பங்கு உண்டு. ஆனால் வசவு மட்டும் உடுத்தியவருக்கு.

2007 உலகக் கோப்பையில் பிரச்னை வேறு விதமாக வந்தது. போட்டியில் ஆடிய நாடுகளின் கொடிகளை அச்சிட்ட புடவை ஒன்றை மந்திரா கட்டிக்கொண்டு வந்தார். கட்டிய கட்டில் மூவர்ணக் கொடி முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் 1971லேயே வந்தது. 2005ல் அதைத் திருத்தியபோது, இடுப்புக்குக் கீழே அணியும் உடையில் கொடி இருக்கக் கூடாது என்று தெளிவாகவே சேர்த்தார்கள். எனவே புகார் எழுந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டு இந்திய அணி பங்களாதேஷிடமும் இலங்கையிடமும் தோற்று முதல் சுற்றோடு திரும்பியிருந்ததால் ஜனங்களின் கோபத்துக்கு ஒரு வடிகால் தேவைப்பட்டது என்பதையும் மறப்பதற்கில்லை.

ஆண் - பெண் பாரபட்சம் பற்றிப் பேச்சு வந்தால் சிலர் மிகைப்படுத்தல் என்பார்கள். அவர்களுக்காக ஆஸ்திரேலியாவில் ஒருவர் சோதனையே செய்து காட்டிவிட்டார். சேனல் நைனின் காலை நிகழ்ச்சியில் கார்ல் ஸ்டெஃபனோவிச் ஏறக்குறைய ஒரு வருடம் தினமும் ஒரே நீல நிற சூட்டை அணிந்து வந்தார். கூட அமர்ந்திருந்த லிசா வில்கின்சனின் உடையைப் பற்றி நேயர்கள் குறை சொல்லிக்கொண்டே இருந்தது அவருக்கு உறுத்தியிருக்கிறது. அவருடைய சூட்டையோ ஒருவரும் கவனிக்கவில்லை. 2014 நவம்பரில் அவரே சொன்ன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

உண்மையில் உடை பற்றிக் கவலைப்பட வேண்டிய காரணங்கள் வேறு. நெருக்கமான கட்டமும் மெல்லிய கோடும் போட்ட துணி கேமராவில் நெளியும். பச்சைத் திரை முன்னால் பச்சைச் சட்டை போட்டால் தலை மட்டும் மிதக்கும். மைக்கைக் குத்த ஒரு காலர் வேண்டும், அதன் டிரான்ஸ்மிட்டர் பெட்டியைச் செருக ஒரு பெல்ட் வேண்டும். ஆண்களின் கோட்டில் இவை இரண்டும் தயாராக இருக்கின்றன. புடவையிலும் சல்வாரிலும் பெட்டியை எங்கே ஒளிப்பது என்பது ஒவ்வொரு நாளும் ஒரு கண்டுபிடிப்பு. உயரமான குதிகால் செருப்போடு பிட்ச் ரிப்போர்ட்டுக்குப் போனால் பந்து வீசுவதற்கு முன்பே அங்கே பள்ளம் விழும்.

இன்னொன்று, சட்டை யார் பக்கம் என்று சொல்லக் கூடாது. ஒரு அணியின் ஜெர்சியை மாட்டிக்கொண்டு வர்ணிப்பவர் எல்.பி.டபிள்யூ. பற்றி என்ன சொன்னாலும் எதிர் அணி ரசிகன் நம்ப மாட்டான். ஆனால் இதை எவ்வளவு தூரம் கொண்டுபோவது? 2022 நவம்பர் 21ந் தேதி கத்தாரில் இங்கிலாந்து - ஈரான் கால்பந்து ஆட்டம். 'ஒன் லவ்' கைப்பட்டை அணிந்தால் மஞ்சள் அட்டை என்று ஃபிஃபா மிரட்ட, ஐரோப்பிய அணிகளின் கேப்டன்கள் அதைக் கழற்றிவிட்டார்கள். பி.பி.சி.க்காக மைதான ஓரத்தில் நின்ற முன்னாள் வீராங்கனை அலெக்ஸ் ஸ்காட் அதை அணிந்துகொண்டு பேசினார். நடுநிலை மீறல் என்றார்கள் சிலர். ஆனால் அது எந்த அணிக்கும் ஆதரவான பட்டை அல்ல. ஆடுபவர்கள் பயந்த இடத்தில் வர்ணனையாளர் பயப்படவில்லை, அவ்வளவே.

ரேடியோவில் இந்தத் தொல்லைகள் கிடையாது. சி.கே. நாயுடுவின் மகள் சந்திரா நாயுடு 1976-77 பருவத்தில் இந்தூரில் நடந்த பம்பாய் - எம்.சி.சி. ஆட்டத்துக்கு வர்ணனை செய்தார். இந்தியாவின் முதல் பெண் வர்ணனையாளர் அவர்தான். தமிழில் அப்துல் ஜப்பாரின் வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் தெரிந்தது குரல் ஒன்றுதான். கோட்டா, கதரா, சபாரியா, அதெல்லாம் அவரவர் கற்பனை.

சேப்பாக்கத்துக்கு வெளிர் நிறத்தில் ஓர் அரைக்கைக் காட்டன் சட்டை போதும். பெண்ணோ ஆணோ மைக் குத்த இடமும் தட்டையான செருப்பும் இருந்தால் சரி. மொஹாலியின் குளிர்காலத்துக்குக் கோட்டு இருக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் மே மாதத்தில் அதைக் கழற்றலாம் என்று சொல்ல வேண்டியவர்கள் சேனல்காரர்கள். அவர்கள் வெயிலில் நிற்பதில்லை. ஏ.சி. போட்ட கன்ட்ரோல் ரூமில் அவர்களுக்கும் கோட்டு தேவைப்படுகிறது.