டாக்டருக்கு அப்புறம் அண்ணன்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அண்ணன். மனச்சிதைவுக்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார், தறியும் நெய்கிறார். அக்கம்பக்கத்தில் யாருக்காவது இந்த நோய் என்றால், ஓசைப்படாமல் அவரிடம் அழைத்து வருகிறார்கள்.

"மாத்திரை போட்டா தறியிலயே தூக்கம் வரும்ப்பா. எனக்கும் வந்துச்சு. நீயா நிறுத்திடாத, டாக்டர்கிட்ட சொல்லு, மாத்திக் கொடுப்பாங்க."

டாக்டர் சொன்னால் தலையாட்டும் பையன், இவரிடம் எதிர்க்கேள்வி கேட்கிறான். கல்யாணம் ஆகுமா என்றுகூட!

டாக்டர் அல்லாதவர்கள் உதவினால் பலன் உண்டா என்று ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், உள்ளூர்ச் சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சிதைவு உள்ளவர்களின் வீட்டுக்கே அனுப்பினார்கள். கோவா, சத்தாரா, தமிழ்நாடு என மூன்று இடங்கள், 282 பேர். நல்ல பலன் தெரிந்தது தமிழகக் கிராமப்புறத்தில். சென்னையின் ஸ்கார்ஃப் மனநல அமைப்பு அந்தத் தமிழகப் பகுதி ஆய்வை நடத்தியது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் (நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?).

ஆனால் அப்படி வீட்டுக்குப் போனவர்கள், நோயைக் கடந்து வந்தவர்கள் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல. குஜராத் அரசு மனநல மருத்துவமனைகள் அடுத்த அடியையும் எடுத்து வைத்தன. நோயை அனுபவித்தவர்களையே சக ஆதரவாளர்களாகப் பயிற்றுவித்தார்கள்.

இங்கேயும் செய்யலாம். ஆனால் சம்பளம் கொடுத்து. அண்ணன் பேசும் ஒவ்வொரு மணி நேரமும் தறி சும்மா நிற்கிறது, கூலி போகிறது. அதற்குச் 'சேவை' என்று பெயர் வைத்துத் தப்பிக்க வேண்டாம்.