ஸ்கேலைக் கீழே வைங்க பாஸ்!

உங்க ஹாஸ்டல் ரூம் சுவர்ல உலக மேப் ஒட்டியிருக்கீங்களா? டெல்லியில ஸ்கேலை வெச்சு, அமெரிக்காவின் மேற்குக் கரையில இருக்கிற சான் ஃபிரான்சிஸ்கோ வரைக்கும் ஒரு நேர்கோடு போடுங்க. 'இதான் பாஸ் ஷார்ட் ரூட்'னு நினைச்சா... ஸாரி, தப்பு!

பூமி உருண்டையாச்சே! ஒரு குளோப் மேல நூலை இழுத்துப் பிடிச்சுப் பாருங்க. இந்த ரெண்டு ஊருக்கும் குறுக்கு வழி, வட துருவத்துக்குப் பக்கமா போகும். சுமார் 12,400 கிலோமீட்டர்.

ஆனா, விமானம் அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டே போறதில்லை. 2016 அக்டோபர்ல ஏர் இந்தியா ஒரு வேலை பண்ணுச்சு. அதுவரை அட்லான்டிக் வழியா சுமார் 13,900 கி.மீ. பறந்துட்டு இருந்த டெல்லி - சான் ஃபிரான்சிஸ்கோ விமானத்தை, கிழக்கே திருப்பி பசிபிக் வழியா விட்டாங்க. தூரம் 15,300 கி.மீ.! 1,400 கி.மீ. அதிகம். ஆனா, சுமார் 14½ மணி நேரத்துல, பழைய வழியைவிட சீக்கிரமாவே போய் இறங்கிடுச்சு. எப்படி? எல்லாம் காத்து செய்ற மாயம். சுமார் 10 கி.மீ. உயரத்துல மேற்கிலிருந்து கிழக்கே பாயுற 'ஜெட் ஸ்ட்ரீம்', மேற்கே போறவனுக்கு எதிர்க்காத்து. கிழக்கே போறவனுக்கு முதுகுல கை வெச்சுத் தள்ளுற தோஸ்த்!

காத்து மட்டுமில்லை, அரசியலும் தூரத்தை மாத்தும். 2022-ல ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடுச்சு. 9, 10 மணி நேரத்துல முடிஞ்ச ஹெல்சின்கி - டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாயிடுச்சு. ரெண்டு ஊரும் இருந்த இடத்துலயேதான் இருக்கு!

இதையெல்லாம் நான் ஏன் தேடித் தேடிப் படிச்சேன்? என் அக்கா சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம்தான் இருக்கா. பாட்டி இறந்தப்போ அவளுக்குச் சென்னைக்கு நேரடி விமானம் இல்லை. டிக்கெட் தேடி, நடுவுல ஒரு ஏர்போர்ட்டுல காத்துக்கிடந்து, வீட்டு வாசலை மிதிக்க 36 மணி நேரம் ஆச்சு. ஐஸ் பெட்டியைச் சுத்தி உட்கார்ந்திருந்த பெரியவங்க, "இன்னும் எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?"னு என்னைக் கேட்டுட்டே இருந்தாங்க. எத்தனை கிலோமீட்டர்னு ஒருத்தர்கூட கேட்கலை. அக்கா வந்து முகம் பார்த்தா. அரை மணி நேரத்துல எடுத்துட்டாங்க.

எம்.எஸ். கனவோட அப்ளிகேஷன் போட்டுட்டு இருக்கீங்களா? போகாதீங்கனு சொல்ல வரலை, தாராளமா போங்க! யுனிவர்சிட்டி ரேங்க், ஃபீஸ், ஸ்காலர்ஷிப்னு நீங்க போடுற லிஸ்ட்டுல இன்னும் மூணு கேள்வியைச் சேர்த்துக்கோங்க. அவசரம்னா வீடு வந்து சேர எத்தனை மணி நேரம்? எங்கே விமானம் மாறணும்? கடைசி நிமிஷ டிக்கெட்டுக்கு எவ்வளவு ஆகும்?

பதிலை வீட்டுலயும் சொல்லிட்டுக் கிளம்புங்க. அந்த டிக்கெட் காசு மட்டும், என்ன செலவு வந்தாலும் தொடாத காசா இருக்கட்டும்.