ஆந்தையை விற்றவன்

வெயிலில் அந்தக் கேமராவுக்குக் கண் தெரியாது என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்தேதான் மாட்டினேன்.

2019. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தேங்காய்க் களம். மட்டை உரிப்பவர்கள் முன்னால் கொட்டிக் கிடக்கும் குவியல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று முதலாளிக்கு வீட்டிலிருந்தே தெரிய வேண்டும். கம்பத்தில் தூரம் அளக்கும் கேமரா ஒன்று; குவியலின் கன அளவு; அதிலிருந்து உத்தேசமாகக் காய்க் கணக்கு. அவ்வளவுதான் வேலை.

என் கையில் இருந்தது பழைய கினெக்ட். 2010 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக்காக வந்தது. அகச்சிவப்புப் புள்ளிகளை எதிரே தெளித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு விலகி விழுந்திருக்கிறது என்று பார்த்துத் தூரத்தைச் சொல்லும். வீட்டுக் கூடத்துக்கென்று செய்த பொருள். வெயிலோ அகச்சிவப்பைக் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. உச்சி வேளையில் அந்தப் புள்ளிகளைக் கண்டுபிடிக்க முடியாது.

வேறு வழி இல்லாமல் இல்லை. ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் டைம் ஆஃப் ஃபிளைட் கேமராவும் வெயிலோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும், சரி. வெளியில் வேலை செய்யும் லேசர் கருவியான லிடார் வெயிலைத் தாங்கும்; விலையை முதலாளி தாங்கமாட்டார். ஆனால் ஸ்டீரியோ இருந்தது. இரண்டு கேமரா, நம் இரண்டு கண் மாதிரி. அதற்கு வெயில் எதிரியே இல்லை, வெயிலில்தான் பார்க்கும். தூரம் இரட்டித்தால் பிழை நான்கு மடங்காகும். மூன்றரை மீட்டரில் தேங்காய்க் குவியலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. நாரும் திட்டுமாக இருக்கும் காயைப் போல ஸ்டீரியோவுக்குத் தோதான பொருளும் வாய்க்காது.

இத்தனையும் தெரிந்தவன் ஏன் அதைத் தொடவில்லை? சோம்பல். கல்லூரியில் சதுரங்கக் கட்டம் அச்சடித்த தாளைப் பிடித்துக்கொண்டு இரண்டு கேமராக்களை ஒத்திசைக்க ஒரு மாதம் திண்டாடித் தோற்றிருக்கிறேன். கினெக்டுக்கு எழுதிய நிரல் தயாராக இருந்தது. அதை வீணாக்க மனம் வரவில்லை.

அதனால் மாலை ஆறரைக்கு மேல்தான் செய்து காட்டினேன். "வேலை நேரத்துல வேண்டாங்கண்ணா" என்றேன், ஏதோ அக்கறைபோல. எண் துல்லியமாக வந்தது. முன்பணம் வாங்கினேன்.

இன்னொன்றும் செய்தேன். அதைச் சொல்லத்தான் கூசுகிறது. பகலில் படம் வெறும் கருப்பாக வருமே, அந்த ஓட்டைகளைக் கடைசியாகக் கிடைத்த அளவைக் கொண்டு நிரப்பும்படி நாலு வரி எழுதிவைத்தேன். கேமரா குருடாக இருக்கும் நேரமெல்லாம் திரையில் ஓர் எண் கம்பீரமாக நிற்கும்.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு முதலாளி அழைத்தார். பாதிக் குவியல் உரித்து முடிந்திருந்தது. திரையில் காலை எண் அசையவில்லை. "தூசி அடைச்சிருக்கும்ங்க" என்றேன். உரித்துக்கொண்டிருந்த ஒருவர் கடப்பாரையை விட்டு நிமிர்ந்து, ஏணி போட்டு ஏறி, தோள் துண்டால் லென்ஸைத் துடைத்தார். அசையவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் இன்னொரு முறையும் ஏறியிருந்தார். கீழே நின்றபடி முதலாளி கேட்டார்: "ஏந்தம்பி, ராத்திரி மட்டும் பாக்குதே, நீங்க மாட்டுனது ஆந்தைங்களா?"

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன், அந்த நாலு வரி உட்பட. அவர் திட்டவில்லை. ஏணியைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு சாதாரணக் கேமராக்களை அலுமினியச் சட்டத்தில் ஒரு சாண் இடைவெளியில் பொருத்தி, என் செலவில் மாட்டினேன். ஒத்திசைக்க ஒன்பது நாள் ஆனது. இருட்டினால் அதற்குக் குவியல் தெரியாது, ஒரு டியூப்லைட் வேண்டும். மாட்டும் முன்பே அதை அவரிடம் சொன்னேன்.